விட்டுக்கொடுத்த பங்கைத் திரும்பக் கேட்கலாமா?

உங்கள் கேள்வியைப் படித்தேன். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அப்பா 2012-இல் உயில் எழுதாமல் இறந்தார். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வீடும் தென்னந்தோப்பும், சிங்கப்பூரில் தோ பாயோவில் அவர் பெயரில் ஒரு மூவறை வீடும் இருந்தன. அண்ணன் ஊரில், தம்பி தோ பாயோ வீட்டில், 1994-இல் திருமணமான நீங்கள் ஈசூனில். 2013-இல் ஊருக்குப் போனபோது நீங்களும் தம்பியும் சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணனுக்கு, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தீர்கள். அம்மாவும் கூட வந்திருந்தார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதே வருடம் இங்கே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தம்பிக்காக ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டீர்கள். இரண்டுக்கும் ஒரு காசு வாங்கவில்லை. அம்மாவை அண்ணன் பார்த்துக்கொள்வார் என்பதுதான் பேச்சு. ஆனால் கடைசி நாலு வருடம் அம்மா உங்களிடம்தான் இருந்தார், போன வருடம் காலமானார். இப்போது அண்ணன் தோப்பை மனை போடுபவர்களுக்கு விற்கப் போகிறார், தம்பி வீட்டை விற்க முகவரைப் பிடித்துவிட்டார். உங்களிடம் யாரும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "நீதான் எல்லாத்தையும் விட்டுக்கொடுத்திட்டியே, உனக்குத்தான் நாப்பது பவுன் போட்டாச்சே" என்று பதில் வந்திருக்கிறது. பங்கைத் திரும்பக் கேட்க முடியுமா, கேட்டால் பிறந்த வீடு இல்லாமல் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை. சிங்கப்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் சொத்துப் பத்திரப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் எழுத்தராக இருந்தேன். தமிழ் பேசுகிறவர்கள் கையெழுத்துப் போட வந்தால் என்னைத்தான் பக்கத்தில் உட்காரச் சொல்வார்கள். ஊர்ச் சொத்துப் பத்திரங்களையும் இங்குள்ள பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த அனுபவத்தில் சொல்கிறேன். முடிவெடுக்கும் முன் இரண்டு நாட்டிலும் தலா ஒரு வழக்கறிஞரைப் பார்த்தே ஆக வேண்டும்.

'விட்டுக்கொடுத்தேன்' என்று நம் ஆட்கள் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்குள் பல காரியங்கள் இருக்கின்றன. வாயால் சொன்னது, வெள்ளைத் தாளில் எழுதியது, பதிவு செய்த பத்திரம், நீதிமன்றத்துக்குப் போன பொறுப்புத் துறப்பு, பவர் பத்திரம் எல்லாமே பேச்சில் 'கையெழுத்துப் போட்டுட்டேன்'தான். சட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு விளைவு. எல்லாம் போய்விட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அண்ணனும் தம்பியும் எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் கணிப்பில் மூன்று பேர் நினைப்பதும் முழுதாகச் சரியில்லை.

முதலில் தோ பாயோ வீடு. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் இங்கே 1967-ஆம் ஆண்டின் உயிலில்லா வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவிக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள், மணமானவர், மணமாகாதவர் என்ற பேதம் கிடையாது. ஆக 2012-இல் அம்மாவுக்கு 1/2, உங்கள் மூவருக்கும் தலா 1/6. (முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறை, ஷரியா நீதிமன்றம் தரும் வாரிசுச் சான்றிதழ். அப்புறம், மத்திய சேம நிதிப் பணம் இந்த வீட்டுக் கணக்கில் சேராது. அது நியமனம் செய்யப்பட்டவருக்குப் போகும்.)

அப்பா பெயரிலிருந்து வீட்டை மாற்ற வேண்டுமென்றால் யாராவது ஒருவர் குடும்ப நீதிமன்றத்தில் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் வாங்க வேண்டும். அதற்கு முதல் உரிமை மனைவிக்கு, அடுத்து பிள்ளைகளுக்கு. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, உங்களுக்கு வேலை, அண்ணன் ஊரில். அதனால் தம்பியே பார்த்துக்கொள்ளட்டும் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதாக எழுதிக்கொடுப்பார்கள். இதுதான் பொறுப்புத் துறப்பு. அந்தத் தாள் சொல்வது இவ்வளவுதான்: இந்தச் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு எனக்கு வேண்டாம். என் பங்கு எனக்கு வேண்டாம் என்று அதில் ஒரு வரியும் இருக்காது.

நான் இதை எத்தனை தடவை விளக்கியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் எல்லாம் சிறிய மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கும். "அக்கா இங்கே, அப்புறம் இங்கே" என்று தம்பி விரலால் காட்டுவார். அக்கா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுப்பதற்குள் பக்கம் திரும்பியிருக்கும். ஒருமுறை நான் தமிழில் சொல்லத் தொடங்கியபோது, "வேணாம் தம்பி, எங்க வீட்டுப் பையன்தானே" என்று ஓர் அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான் நிறுத்தாமல் முழுதும் சொல்லி முடித்தேன். வெளியே போகும்போது, "அப்ப என் பங்கு எனக்கு உண்டா?" என்று மெதுவாகக் கேட்டார். உண்டு என்றேன். ஆங்கிலம் தெரியாதவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும், அப்படிச் சொன்னதாகத் தாளின் அடியில் ஒரு வரியும் இருக்கும். உங்கள் தாள் கிடைத்தால் அந்த வரியைத் தேடுங்கள்.

நீங்கள் போட்டது அந்தப் பொறுப்புத் துறப்பு மட்டும்தான் என்றால் அப்பா வழி 1/6 இன்னும் உங்களுடையதுதான் என்று வாதாட இடமிருக்கிறது. நிர்வாக அதிகாரம் வாங்கிய தம்பி அந்தச் சொத்துக்கு உரிமையாளர் ஆகிவிடவில்லை. மற்றவர்களுக்காக வைத்திருந்து பிரித்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர் அவர். கணக்குக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஆனால் வேறு தாளாகவும் இருக்கலாம். குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் என்று ஒன்று உண்டு. அதில் பங்கையே மாற்றிக்கொள்வார்கள். "என் 1/6 பங்கைத் தம்பிக்கு விட்டுவிடுகிறேன்" என்று அதில் தெளிவாக இருந்தால், அப்பா வழிப் பங்கு போனதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈசூனில் உங்களுக்கு வீவக (வீட்டு வளர்ச்சிக் கழக) வீடு இருக்கிறது, இரண்டு வீவக வீடு வைத்துக்கொள்ள முடியாது, அதனால் உங்களுக்கு எப்படியும் கிடையாது என்று அப்போது தம்பி சொல்லியிருக்கலாம். இதைச் சொல்லித்தான் பல சகோதரிகளிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். வீட்டில் பெயர் நீடிக்க முடியாது என்பது உண்மை. அதற்காகப் பங்கின் மதிப்பு காற்றில் கரைந்துவிடாது. விற்றால் வரும் பணத்தில் பங்கு வாங்கலாம், அல்லது தம்பி அந்தத் தொகையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும். இதுதான் எனக்குக் கொஞ்சம் கவலை. அப்பா பெயரிலிருந்து மாற்றும்போது வீடு யார் பெயருக்குப் போனது? அம்மா, தம்பி இருவர் பெயரிலும் கூட்டுரிமையாகப் பதிந்திருந்தால், அம்மா இறந்ததும் முழு வீடும் உயிரோடிருக்கும் தம்பிக்குத் தானாகவே போய்விடும். அம்மா உயில் எழுதியிருந்தாலும் அது இதைத் தடுக்காது. தனித்தனிப் பங்காகப் பதிந்திருந்தால் அம்மாவின் பங்கு அவருடைய பிள்ளைகள் மூவருக்கும் வரும். சிங்கப்பூர் நில ஆணையத்தின் இணையத்தளத்தில் கட்டணம் கட்டி உரிமையாளர் விவரம் எடுக்கலாம். இதைத் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2013-இல் கையெழுத்துப் போட்ட அலுவலகத்துக்கும் இப்போதே ஒரு கடிதம் அனுப்புங்கள். பழைய கோப்புகளைக் காலம் கடந்தால் அழித்துவிடுவார்கள்.

இனி ஊர்ச் சொத்து. அப்பா எந்த நாட்டுக் குடிமகனாக இறந்திருந்தாலும் இந்தியாவில் உள்ள நிலத்துக்கு இந்தியச் சட்டம்தான். உங்கள் குடும்பத்துக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். (கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டம், கணக்கு வேறு.)

தோப்பு அப்பா சிங்கப்பூர்ச் சம்பாத்தியத்தில் வாங்கியதா, பூர்வீகமா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கியது என்றால் கணக்கு எளிது: அம்மா, அண்ணன், நீங்கள், தம்பி, ஆளுக்கு 1/4. பூர்வீகம் என்றால், தமிழ்நாட்டில் 25 மார்ச் 1989 அன்று மணமாகாமல் இருந்த மகள்களுக்கே மகனுக்குச் சமமான பங்கு வந்துவிட்டது. நீங்கள் மணமானது 1994. அப்புறம் 9 செப்டம்பர் 2005 முதல் இந்தியா முழுவதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பால் வரும் உரிமை இது என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. ஒரு எச்சரிக்கை: தாத்தா வழி வந்ததெல்லாம் பூர்வீகம் என்று நினைக்காதீர்கள். தாத்தா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து, 1956-க்குப் பிறகு அவர் உயிலில்லாமல் இறந்து அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்துக் கணக்கில்தான் வரும்.

'நாப்பது பவுன் போட்டாச்சு' என்ற பேச்சுக்கு இரண்டு நாட்டுச் சட்டத்திலும் இடமில்லை. சீர், நகை, கல்யாணச் செலவு எதுவும் மகளின் பங்கைக் கழித்துவிடாது. இதை யார் சொன்னாலும், எத்தனை பெரியவர் சொன்னாலும், தலையாட்டாதீர்கள்.

சரி, விடுதலைப் பத்திரம். இதில் உங்களுக்குப் பிடிக்காத செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சார்பதிவாளர் முன்னால் போய், கேமராவைப் பார்த்து, கட்டைவிரல் ரேகை வைத்துக் கொடுத்த பத்திரம் பலமானது. பணம் வாங்கவில்லை என்பதால் மட்டும் அது செல்லாமல் போகாது. பெரும்பாலும் அதில் "ரொக்கம் பெற்றுக்கொண்டு" என்று ஏதோ ஒரு தொகையும் எழுதியிருப்பார்கள். படிக்காமல் போட்டேன் என்பதும் நிற்காது. நீங்கள் தமிழ் படிக்கத் தெரிந்தவர், பத்திரம் தமிழில் இருக்கிறது. வேறு ஏதோ பத்திரம் என்று பொய் சொல்லியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்றால் ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கும் உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படி எதுவும் நடக்கவில்லை. மனமொப்பித்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

பதிவு செய்யாத தாளாக இருந்திருந்தால் பேச்சே வேறு. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிந்தே ஆக வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நாலு பேர் சாட்சி போட்டதை வைத்துக்கொண்டு "பங்கு எழுதி வாங்கிட்டோம்" என்று திரிகிற குடும்பங்கள் நிறைய. ஆனாலும் அதை முழுக்கக் குப்பை என்று சொல்லிவிட முடியாது. வாய்ப்பேச்சாக ஏற்கெனவே நடந்து முடிந்த பாகப்பிரிவினையை நினைவுக்காகக் குறித்துவைத்த தாள் என்றால் நீதிமன்றம் அதைப் பார்க்கும். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அப்படிப்பட்ட தாள் இருந்தால், கிழித்தும் போடாதீர்கள், நம்பியும் இருக்காதீர்கள்.

இப்போது அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் எழுதியது அது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. விடுதலை எழுதிக்கொடுப்பவர் யாரோ அவர் உள்ளே போக வேண்டும், ரேகை வைக்க வேண்டும், படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மா வெளியே உட்கார்ந்திருந்தார் என்றால் அன்று அவர் பங்கை யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். அப்படியானால் நீங்களும் தம்பியும் கொடுத்தபின் அண்ணனிடம் இருந்தது 3/4. மீதி 1/4 அம்மாவிடமே இருந்தது. போன வருடம் அம்மா இறந்தபோது அந்த 1/4 மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக வந்திருக்கிறது. உங்களுக்கு 1/12. பூர்வீகச் சொத்து என்றால் அப்பாவின் 1/4 மட்டும்தான் நாலாகப் பிரியும், அம்மாவின் பங்கு 1/16 ஆகக் குறையும், உங்களுக்கு அதில் மூன்றில் ஒன்று. சிறிய பங்குதான். ஆனால் புத்தம் புதிய உரிமை. 2013-ஆம் ஆண்டுப் பத்திரத்தின் நிழல் அதன்மேல் விழாது.

"இனி எனக்கு எவ்வித பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் இல்லை" என்ற வரி உங்கள் பத்திரத்தில் கண்டிப்பாக இருக்கும். அந்த வரியைக் காட்டி, அம்மா பங்கும் அதில் அடங்கிவிட்டது என்பார்கள். அன்று உங்களிடம் இருந்ததைத்தான் அன்று நீங்கள் கொடுக்க முடியும். உயிரோடு இருக்கும் ஒருவரிடமிருந்து பிற்காலத்தில் வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பை யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 6-ஆம் பிரிவில் இது இருக்கிறது. அப்பா உயிரோடிருக்கும்போதே அவருடைய தனிச்சொத்தில் பங்கு வேண்டாம் என்று மகளிடம் எழுதி வாங்குகிறார்களே, அதுவும் இதே பிரிவில்தான் அடிபடும். ஒரு விலக்கு மட்டும் உண்டு. 2023-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், அப்பா இருக்கும்போதே பணம் வாங்கிக்கொண்டு விடுதலை எழுதிய மகனும் அவருடைய பிள்ளைகளும் பிறகு பங்கு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு பிறகு மாறுவது நியாயமில்லை என்பது அதன் அடிப்படை. நீங்கள் ஒரு காசு வாங்கவில்லை. அந்த விஷயம் இங்கே உங்களுக்குத் துணை.

தோ பாயோ வீட்டுக்கும் இதே நியாயம்தான். அப்பா வழி 1/6 போயிருந்தாலும், அம்மாவின் பாதி அம்மா பெயரில் தனிப்பங்காக இருந்திருந்தால், அதில் மூன்றில் ஒன்று, அதாவது வீட்டின் 1/6, இப்போது உங்களுடையது.

அம்மா அதற்குப் பிறகு ஊரில் ஏதாவது எழுதிக்கொடுத்தாரா என்று பார்க்க வேண்டும். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை, தமிழ்நாடு பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சர்வே எண் போதும். தானசெட்டில்மெண்ட், அதாவது தானமாகக் கொடுக்கும் பத்திரம், எழுதியிருந்தால் அதில் தெரியும். உயில் அதில் தெரியாது. பதிவு செய்த உயிலாக இருந்தாலும் வில்லங்கத்தில் வராது. அம்மா உயில் எழுதியிருக்கிறார் என்று அண்ணன் சொன்னால் தாளைக் காட்டச் சொல்லுங்கள். நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. பட்டா அண்ணன் பெயரில் இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். பட்டா வருவாய்த்துறைக் கணக்கு, உரிமைப் பத்திரம் ஆகாது. அம்மாவுக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி. இதைச் சொல்ல என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் கொடுத்த பக்கம். நான் பங்கை எழுதி வாங்கியவர் வீட்டில் பிறந்தவன்.

என் அத்தை 1978-இல் என் அப்பாவுக்கு விடுதலை எழுதிக்கொடுத்தார். தாம்பாளத்தில் ஒரு புடவை, வெற்றிலை பாக்கு, நூற்றொரு ரூபாய். வருடா வருடம் தை பிறந்ததும் அத்தை வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி போகும். அதுதான் அவருக்குப் பிறந்த வீடு. 1996-இல் அப்பா அந்த வீட்டை விற்றார். வாங்கியவர்கள் இடித்து மரத்தை விற்றார்கள். அத்தை தன் ஊர்க் கடைத்தெருவில் கீரை வாங்கிக்கொண்டு நின்றபோது ஒரு மாட்டுவண்டி போனது. அதில் எங்கள் வீட்டு வாசல் நிலை. மேல்சட்டத்தில் செதுக்கியிருந்த கஜலட்சுமியை வைத்து அடையாளம் தெரிந்திருக்கிறது. கீரைக்கட்டோடு அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலில் நின்றுகொண்டு, "அண்ணே, விக்கிறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அப்பா உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அப்புறம் ஒன்பது வருடம் வரவில்லை, அப்பா செத்த அன்றுதான் வந்தார்.

சட்டம் அப்பா பக்கம் இருந்தது. தப்பும் அப்பா பக்கம்தான் இருந்தது. இதை நான் மகனாக இருந்தே சொல்கிறேன். பிறகு நானும் என் தம்பியும் அத்தையிடம் போய் ஒரு தொகை கொடுத்தோம். வாங்கிக்கொண்டார், அழுதார். ஆனால் அப்பா வாயால் வர வேண்டிய சொல்லை நாங்கள் கொண்டுபோக முடியவில்லை.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் கேட்காமல் இருந்தால் உறவு தங்கும் என்று நினைக்காதீர்கள். கேட்காமலே ஒன்பது வருடம் போன வீடு எங்களுடையது. அம்மாவைப் பார்த்துக்கொள்வார் என்று நம்பிக் கொடுத்தீர்கள். அந்த நிபந்தனை உங்கள் மனதில் இருந்தது, பத்திரத்தில் இல்லை. நீதிமன்றம் பத்திரத்தைத்தான் படிக்கும். ஆனால் அண்ணனுக்கு அந்த நிபந்தனை தெரியும். நாலு வருடம் அம்மாவுக்கு டயப்பர் மாற்றியது யார் என்பதும் தெரியும். இதை அவரிடம் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, சட்டத்தில் பங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

எப்படிக் கேட்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள். அங்கே அண்ணி படிப்பார், மருமகன் படிப்பார், பதில் சொல்ல வேண்டியவர் பேசாமல் இருந்துவிடுவார். இருவரையும் தனித்தனியாக, முடிந்தால் நேரில், முடியாவிட்டால் போனில் பிடியுங்கள். "எனக்குப் பங்கு வேணும்" என்று தொடங்கினால் 2013 பத்திரத்துக்குப் போய்விடுவார்கள். "நான் கொடுத்தது கொடுத்ததுதான். அம்மா பங்கைப் பற்றி நாம இன்னும் பேசவே இல்லை" என்று தொடங்குங்கள். அதுதான் உண்மையும்கூட. தாய்மாமன் இருந்தால், அவருக்கு இதில் லாபநட்டம் இல்லையென்றால், அவரை வைத்துப் பேசுங்கள்.

பேசினாலும் நடக்காது என்று இப்போது உங்களுக்குத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மனை போடுபவர்களுக்கு வழக்கறிஞர் உண்டு. அவர் மூலப் பத்திரம், வில்லங்கம், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் பார்ப்பார். அம்மா பங்கு யாரிடம் என்று கேட்பார். அப்போது ஊரிலிருந்து உங்களுக்கு ஒரு போன் வரும்: "ஒண்ணுமில்ல, ஒரு சின்னக் கையெழுத்து. ஒரு பவர் மட்டும் போட்டு அனுப்பிடு." இங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்வார்கள். 2013-இல் போட்ட மாதிரி போட்டுவிடாதீர்கள். பவர் கொடுத்தால் உங்கள் பங்கை விற்கவும் பணம் வாங்கவும் அவர்களுக்கு அதிகாரம் போய்விடும். பத்திர நகலை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். தொகை, எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதி என்று எழுத்தில் வரட்டும். உங்கள் பங்குத் தொகை பதிவு நாளிலேயே உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும் என்று சொல்லுங்கள். இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டியதில்லை. யாராக இருந்தாலும் இப்படித்தான் செய்ய வேண்டும்.

அண்ணன் மனம் மாறி, "பணமா வேண்டாம், தோப்பிலேயே ஒரு துண்டை உனக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிடுறேன்" என்றால் உடனே சரி என்று சொல்லாதீர்கள். நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகள் என்றால், விவசாய நிலம் வாரிசாக வரலாம், ஆனால் விலைக்கோ தானமாகவோ வாங்க இந்தியாவின் அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை. நல்லெண்ணத்தில் எழுதிய பத்திரம் பிறகு வம்பாகும். பணமாக வாங்கிக்கொள்வதுதான் உங்களுக்குச் சுலபம்.

வழக்கு என்று போனால் ஊரில் பாகப்பிரிவினை வழக்கு. வழக்கு நிலுவையில் இருக்கும்போது யார் வாங்கினாலும் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும், அதனால் வழக்கு எண் விழுந்தாலே மனைக்காரர்கள் தயங்குவார்கள். ஆனால் தீர்ப்பு வர வருடக்கணக்கில் ஆகும். 1/12 பங்குக்கு அவ்வளவு இழுப்பது சரியா என்று நீங்கள்தான் எடைபோட வேண்டும். என் எண்ணத்தில் வழக்கு நோட்டீஸ் வரை போகலாம். அதற்கு மேல் போனால் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொள்வது மேல். அங்கே கொடுக்கும் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தோ பாயோ வீட்டுக்கு இங்கே முதலில் வழக்கறிஞர் மூலம் கணக்குக் கேட்டுக் கடிதம், பிறகு சமரசப் பேச்சு, கடைசியாகத்தான் நீதிமன்றம். வசதி குறைவு என்றால் அரசாங்கச் சட்ட உதவிப் பிரிவில் தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த வழக்கறிஞரைப் பார்த்தாலும் முதல் கேள்வியாகக் காலக்கெடுவைக் கேட்டுவிடுங்கள், 2013 பழைய தேதி. தம்பி வீட்டை விற்றுப் பணம் கைமாறிவிட்டால் வேலை இரண்டு மடங்காகும். அதனால் இந்தக் கடிதம் முதலில் போகட்டும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தோ பாயோ வீட்டின் உரிமையாளர் விவரத்தை எடுங்கள். ஊர் வில்லங்கத்தைப் பார்த்து 2013 பத்திரத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். நகல் வந்ததும் முதல் பக்கத்தில் எழுதிக்கொடுப்பவர்கள் என்ற இடத்தில் எத்தனை பெயர் இருக்கிறது, அதில் அம்மா பெயர் இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். இல்லை என்றால் அடுத்து அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்று உட்கார்ந்து யோசிப்போம்.